ஒட்டுத் தெரியாத மலை

நான் முதன்முதலில் ஒட்டிச் சேர்த்த அகலப் படத்தில் ஒரு மாட்டுக்கு ஐந்து கால்கள் இருந்தன.

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே படமாக எடுத்து, கடைச் சுவருக்குப் பெரிதாக அச்சிட்டுத் தரும்படி தீவனக் கடைக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். கொழிஞ்சாம்பாறையில் எனக்கு ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. இருபது வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம். கல்யாணப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. ஐந்நூறு பேரை மேடையேற்றி இறக்கிவிட்டால் உலகத்தில் எடுக்க முடியாத படமே இல்லை என்று நினைத்துக்கொள்வோம். அந்தத் திமிரோடு கேமராவைக் கையில் பிடித்து, இடுப்பைத் திருப்பித் திருப்பி ஒன்பது படம் எடுத்தேன். கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளுக்குள் தூக்கிப் போட்டேன். அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு நீளப் படத்தைத் துப்பியது. நான் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

தீவனக் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்த மாட்டுக்கு அஞ்சு காலுங்களா?"

"அது பக்கத்து மாட்டுக் காலுங்க."

"பக்கத்துல மாடே இல்லீங்களே."

மாடு அசைந்துவிட்டது என்றேன். மாடு அசையும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும் போல. அவர் விரல் அடுத்த இடத்துக்குப் போனது. சந்தையின் நடுவே நிற்கும் இரும்புக் கம்பம் இடுப்பில் வெட்டுப்பட்டு, மேல்பாதி ஒரு சாண் தள்ளி நின்றது. கம்பம் அசையாது. அதற்குச் சொல்ல என்னிடம் ஒரு பொய்கூட இல்லை. படத்தைச் சுருட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் பாலக்காட்டில் ஒரு நாள் பயிற்சி வகுப்பு என்று விளம்பரம் பார்த்துப் போனேன். பனோரமா எடுப்பதில் நிபுணர் என்று ஒருவர் வந்திருந்தார். உடம்பெல்லாம் பை வைத்த சட்டை. அந்தப் பைகளுக்குள் என்ன இருந்தது என்று கடைசி வரை தெரியவில்லை. ஒரு தடவை ஒன்றிலிருந்து லவங்கம் எடுத்து வாயில் போட்டார். காலை முழுக்க அவர் எடுத்த பனிமலைப் படங்களைக் காட்டினார். பனிமலையில் கம்பமும் இல்லை, மாடும் இல்லை. அங்கே எப்படி எடுத்தாலும் ஒட்டும்.

நான் எழுந்து, பக்கத்தில் இருக்கிற பொருள் மட்டும் ஏன் வெட்டுப்படுகிறது என்று கேட்டேன்.

"மேடம், அதெல்லாம் சாஃப்ட்வேர் பாத்துக்கும். நீங்க ஃபீல் பண்ணி எடுங்க."

"ஃபீல் பண்ணித்தான் எடுத்தேன். கம்பம் ஒடஞ்சு போச்சு."

அரங்கில் சிரித்தார்கள். அவர் தண்ணீர் குடித்தார். பிறகு, கேமராவை மாற்றிப் பாருங்கள் என்றார். பதில் தெரியாத ஆள் எப்போதும் அடுத்தவர் கேமராவைத்தான் குறை சொல்வார். சாப்பாட்டு இடைவேளையில், வந்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் அவருடைய லென்ஸைக் கையில் வாங்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள், தேங்காய் வாங்குகிற மாதிரி. நான் இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

பதில் என் ஸ்டுடியோ மொட்டை மாடியிலேயே இருந்தது. மாடியில் கொடி கட்டுகிற குழாய் ஒன்று உண்டு. அதற்கு நேர் பின்னால், வயலுக்கு அப்பால், ஒற்றைப் பனை. குழாய் பனையை மறைக்கும்படி கேமராவை முக்காலியில் வைத்துவிட்டு, மெல்லத் திருப்பினேன். திருப்பத் திருப்பப் பனை குழாய்க்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. அவ்வளவுதான் விஷயம். முகத்துக்கு எதிரே விரலை நீட்டிக்கொண்டு தலையைத் திருப்பினால் விரல் இடம் மாறுகிறதே, அதேதான். முக்காலி கேமராவின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறது. பார்க்கிற கண்ணோ முன்னால் லென்ஸில் இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் கண் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. தூரத்து மலைக்கு அது தெரியாது, பக்கத்துக் கம்பத்துக்குத் தெரியும். கேமராவைப் பின்னால் தள்ளி, லென்ஸ் சரியாக முக்காலியின் நடுவில் நிற்கும்படி செய்தால் குழாயும் பனையும் பிரியக்கூடாது. இதைச் சொல்ல அந்த நிபுணருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

கேமராவைப் பின்னால் தள்ளி வைக்க ஒரு நீளப் பட்டை வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருக்கும் வெல்டிங் பட்டறைக்காரரிடம் போனேன்.

"ஏனுங்க்கா, நடுவுல வெக்கறத உட்டுப்போட்டு வாலுல வெக்கச் சொல்றீங்க. கேமரா உழுந்தறாதுங்களா?"

"உழுவாது. நீங்க திருகாணி நவுர்ற மாதிரி நீளமா காடி மட்டும் வெட்டிக் குடுங்க."

"எவ்வளவு தூரத்துல நிக்கோணும்?"

"அது தெரியாதுங்க. தள்ளித் தள்ளித்தான் பாக்கோணும்."

அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. பட்டையின் விளிம்பை அரம் போட்டுக் கை கிழிக்காதபடி தேய்த்துக் கொடுத்தார். அந்த வருடத்தில் எனக்கு உதவியாக யாராவது ஏதாவது செய்தார்கள் என்றால் அது அவர் மட்டும்தான். ஒரு வாரம் மொட்டை மாடியில் தள்ளித் தள்ளிப் பார்த்து, பனை வெளியே வராத இடத்தில் பட்டையில் ஆணியால் கோடு கீறினேன்.

மிச்சத்தை ஒவ்வொரு அசிங்கமாகப் பட்டுப் பட்டுக் கற்றேன். வெளிச்சத்தைக் கேமராவின் விருப்பத்துக்கு விட்டால் வானம் பட்டை பட்டையாகக் கோரைப்பாய் மாதிரி வரும். அதை ஒரே அளவில் பூட்டிவிட வேண்டும். நிறத்தையும் பூட்ட வேண்டும். கேமராவைச் செங்குத்தாக வைத்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் மூன்றிலொரு பங்கைத் திரும்ப எடுக்கும்படி திருப்ப வேண்டும். ஒட்டு எங்கே விழ வேண்டும் என்பதை மென்பொருளிடம் விடவே கூடாது. வெறும் வானத்தில் ஒட்டினால் கண்ணுக்குத் தெரியும். வேலி, வரப்பு, கூரை விளிம்பு என்று ஏற்கெனவே கோடு இருக்கிற இடத்தில் ஒட்டினால் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது முறை தீவனக் கடைக்காரருக்குப் போன படத்தில் கம்பம் நேராக நின்றது. அவர் மாட்டுக்கால்களை எல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினார்.

அந்தப் படத்தை யாரோ பார்த்து, யாரிடமோ சொல்லி, இடுக்கியில் ஒரு ரிசார்ட்டிலிருந்து கூப்பிட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு சுவர் முழுக்கத் தேயிலைப் பள்ளத்தாக்கு வேண்டுமாம். அந்தக் கூடத்தின் எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே அதே பள்ளத்தாக்கு. இட்லி சாப்பிடுகிறவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை வந்து விழ வேண்டும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறிப் போய் இறங்கினேன்.

ரிசார்ட் மேனேஜர் மலையாளத்துக்காரர், தமிழ் பேசுவார். மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் கையை வீசிக் காட்டினார். ஏற்கெனவே அங்கே நான்கைந்து விருந்தினர்கள் நின்று, போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, காவடி எடுக்கிறவர்கள் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தார்கள். போனுக்குள் மலை வாழைப்பழமாக வளைந்து வரும். அதைப் பார்த்து "வாவ்" என்பார்கள். எதிரே நிற்கும் நிஜ மலையை அவர்களில் ஒருவரும் கண்ணால் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

"சேச்சி, ஜாயின்ட் ஒண்ணு கூட காணக்கூடாது, கேட்டோ."

"காணாது."

"பின்னே, அந்த லயம் வேண்டாம்."

பள்ளத்தாக்கின் நடுவே, தேயிலைக்குள், எஸ்டேட் தொழிலாளிகளின் லயம் இருந்தது. தகரக் கூரை போட்ட ஒரே நீள வரிசை வீடுகள். வாசலில் துணிகள், பின்னால் கழிவறைகள், ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி.

"ஏங்க? அது அங்கதான இருக்குது?"

"கெஸ்ட் சாப்பிடற எடம் சேச்சி. ஒரு ப்யூர் ஃபீல் வேணும். கொளுந்து எடுக்கற பொம்பளைங்க இருக்கட்டும். அது நல்லா இருக்கும். முடிஞ்சா முதுகில மூங்கில் கூடை."

"இப்ப எல்லாரும் கத்தரியும் சாக்கும்தானுங்க வெச்சிருக்காங்க."

அவர் முகம் சுருங்கியது, நான்தான் கூடையைப் பிடுங்கிக்கொண்டேன் என்பது போல.

மறுநாள் காலை மூடுபனி விலகினதும் எடுத்தேன். மேகம் நகர்வதால் வேகமாக முடிக்க வேண்டும். இடமிருந்து வலமாகப் பதினான்கு படங்கள். கீழே ஒரு வரிசைப் பெண்கள் கொழுந்து வெட்டிக்கொண்டு போனார்கள். அவர்களும் இடமிருந்து வலமாகவே நகர்ந்தார்கள் என்பதை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். சிவப்புத் துணியைத் தலையில் கட்டியிருந்த ஒரு பெண் மற்றவர்களை முந்திக்கொண்டு, என் கேமரா திரும்பத் திரும்ப அதன் வேகத்திலேயே நடந்திருக்கிறாள். ஒட்டிய படத்தில் அவள் நான்கு இடத்தில் நின்றாள். நான்கும் சுத்தமாக, ஒட்டே தெரியாமல்.

மூன்றை எடுத்துவிடுகிறேன் என்று மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"வேண்டாம் வேண்டாம். ஆள் கொறச்சலா இருக்கு. அது கெடக்கட்டும்."

"ஒரே ஆளுங்க அது."

"கெஸ்ட் யார் சேச்சி மொகத்தப் பாக்கறா?"

லயத்தை நான்கு நாள் உட்கார்ந்து அழித்தேன். பக்கத்துச் சரிவிலிருந்து தேயிலைச் செடிகளை எடுத்துக் கொண்டுவந்து, நிழல் விழும் திசை பார்த்து, வரிசை வளைவு பார்த்து, ஒவ்வொரு கூரையாக மூடினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் வாழ்நாளில் நான் செய்த மிக நேர்த்தியான வேலை அதுதான். எங்கே லயம் இருந்தது என்று முடித்த பிறகு எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு மோர்க்குழம்பு வைத்து, ரசித்துச் சாப்பிட்டேன்.

படத்தை மாட்டுகிற நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலை முடிந்ததும் மேனேஜர் என்னைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, போனால் ஒரு படம் எடுத்தார். எதிர்க் கண்ணாடியிலிருந்து வெளிச்சம் நேரே என் முகத்தில் அடித்தது. கண் பாதி மூடியிருந்திருக்கும். கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். பஸ் ஏற லயத்தைத் தாண்டித்தான் கீழே இறங்க வேண்டும். அங்கிருந்த டீக்கடையில், மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்த பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் அவளும் இருந்தாள். வெளுத்த சேலை, தலையில் சிவப்புத் துணி இல்லை. இருந்தும் நான்கு நாள் அவள் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு அடையாளம் தெரியாதா? என் வயதுதான் இருக்கும். பெருமை அடித்துக்கொள்ளும் ஆசையில் போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன்.

"ஏ, இது நானா?"

"ஆமாங்க."

"இது?"

"அதுவும் நீங்கதான்."

"இந்தா, இதுவும்! ஒரே நேரத்துல நாலு எடத்துல நிக்கதுக்கு நான் என்ன புனிதரா?"

மற்றவர்கள் சிரித்து, போனை வாங்கிக் கை மாற்றினார்கள். அது சுற்றி அவளிடமே திரும்ப வந்தது. விரலால் படத்தை இழுத்து இழுத்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"லயத்தக் காணோம்."

நான் டீயைக் குடித்தேன்.

"நாலு எடத்துல நிக்கேன். போய்ப் படுக்க ஒரு வீடு இல்லையேக்கா."

"ரிசார்ட்காரங்க அப்படிக் கேட்டாங்க."

"அவுக கேட்டாக. அழிச்சது நீங்கதான?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் விசாரிக்கிற குரலில்தான் கேட்டாள். நான் ஆமாம் என்றேன். பிறகு, யாரும் கேட்காமலேயே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து லயத்தையே எடுத்துத் தருகிறேன் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. "வாங்க, வாங்க," என்றாள், தேர்தலுக்கு வருகிறவர்களிடம் சொல்வது போல.

போனேன். லயத்துக்கு எதிர்ச் சரிவில் முக்காலியை வைத்தேன். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வாசலில் நிற்க வேண்டும், நான் கையைக் காட்டித் தாண்டும்வரை அசையக்கூடாது என்று கத்திச் சொன்னேன். இந்த முறை ஆள் நடந்தால் எந்தப் படத்தில் யார் என்று நானே பார்த்து, ஒரு ஆளை ஒரு தடவை மட்டும் வைத்துக்கொள்ளத் தெரிந்திருந்தது. டிராக்டர் ஓட்டுகிற ஒருவர் மட்டும் இடது கோடியில் நின்றுவிட்டு, பின்புறமாக ஓடிப்போய் வலது கோடியில் மறுபடி மூச்சிரைக்க நின்றார். அவரைக் கண்டுகொண்டு திட்டியதும் அவள்தான்.

"ஓய், ஒழுங்கா ஒம் வீட்டு வாசல்ல போய் நில்லும்! நாலா நின்ன எனக்கே ஒரு வீடு கெடைக்கல, ரெண்டா நிக்கப் பாக்கீரோ?"

படம் நன்றாக வந்தது. அச்சுக்குப் போகும்முன் அவளுக்குப் போனில் அனுப்பினேன். உண்மையை மீட்டுக் கொடுத்துவிட்ட நிறைவில் நன்றிக்காகக் காத்திருந்தேன். அரை மணியில் கூப்பிட்டாள்.

"அக்கா, நல்லாருக்கு. எங்க வீட்டுக் கூரை மேல அந்த நீலத் தார்ப்பாய மட்டும் எடுத்துருங்க."

எனக்குச் சுருக்கென்றது. உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும், இல்லையென்றால் ரிசார்ட்காரனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு சிறு பிரசங்கமே செய்தேன். லயத்தை அழித்துவிட்டு மோர்க்குழம்பு சாப்பிட்ட அதே வாயால்.

அவள் முழுக்கக் கேட்டாள்.

"தார்ப்பாய் எங்க வீடு இல்லக்கா. ரெண்டு மழைக்காலமா தகரம் மாத்தித் தாங்கன்னு கேக்கோம், எஸ்டேட்ல தரல, அதனால கெடக்கு. அவுக குத்தத்த நான் எதுக்கு எம் படத்துல மாட்டி வைக்கணும்?"

எது உண்மை என்று முடிவு செய்கிற உரிமை கேமரா வைத்திருப்பவளுக்கு என்று எவ்வளவு லேசாக நினைத்திருந்தேன்! அந்த வீட்டில் இருபத்தைந்து வருடமாக இருப்பவள் அவள்.

பக்கத்து வீட்டுத் தகரத்திலிருந்து எடுத்து அவள் கூரையை மூடினேன். ஒரு லயத்தையே மறைத்த எனக்கு, தார்ப்பாய் அளவு தகரம் வைக்க ஒரு பகல் முழுக்க ஆனது. துருவின் நிறம் சேரவில்லை. மடிப்பு நேராக நிற்கவில்லை. மறுபடி மறுபடி செய்தேன்.

படம் அவர்கள் கோயில் பக்கத்து ஹாலில், மேசை போட்டு ஏறி மாட்டப்பட்டது. திறப்பு விழா எல்லாம் இல்லை, சுண்டல் கொடுத்தார்கள். எல்லாரும் முண்டியடித்துப் போய் அவரவரை மட்டும் தேடினார்கள். கண்டுபிடித்ததும், நான் ஏன் இப்படி முழிக்கிறேன் என்று என்னைக் குறை சொன்னார்கள். இத்தனை வருடம் நான் உயிரை விட்டுப் பழகிய ஒட்டுகளை அங்கே தேடியது நான் ஒருத்திதான். தேடியதற்கு ஒன்று அகப்பட்டது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே போகும் மின்கம்பி ஓரிடத்தில் துண்டுபட்டு, ஒரு விரற்கடை இறங்கித் தொடர்ந்தது. நான் எப்படி விட்டேன்? அவளைக் கூப்பிட்டுக் காட்டி, கழற்றிக் கொடுத்தால் திருத்தி மறுபடி அச்சிட்டுத் தருகிறேன் என்றேன்.

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அது நெசத்துலயே அப்படித்தாங்க்கா. மரம் விழுந்து அத்துப்போச்சு. லைன்மேன் வேற கம்பிய முறுக்கிக் கட்டிட்டுப் போனாரு."

நம்பாமல் வெளியே போய், தொட்டிக்கு மேலே அண்ணாந்து பார்த்தேன். முடிச்சுப் போட்ட இடத்தில் கம்பி ஒரு விரற்கடை தாழ்ந்துதான் போய்க்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. பின்னாலேயே வந்த அவள், "பஸ்ஸுக்கு நேரமாச்சு, சுண்டலத் தின்னுட்டுக் கெளம்புங்க," என்று என் கையில் இலையைத் திணித்தாள்.